கையொப்பமும் சம்மதமும்

இலக்கிய விமரிசனம் கதையோடும் கவிதையோடும் அமைந்துவிட வேண்டும் என்னும் கருத்து நம்மிடையே இன்னும் வலுவுடனேயே இருந்து வருகின்றது. ஆயின் மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் உரைநடையிற் பெரும்பகுதி கதாசிரியர்களால் எழுதப்படுவதன்று, காரியாலயங்களிலே எழுதப்படுவது. பலர் கையொப்பமிட்டுச் சிலரே வாசிக்கும் அத்தகைய உரைநடை ஒன்றை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். ஐக்கிய அமெரிக்காவிலே தனியார் உளநலச் சிகிச்சை நிலையங்கள் முதல் நாளன்று நோயாளியிடம் நீட்டும் விதிகளும் சம்மதமும் அடங்கிய பத்திரமே அது.

இப்பத்திரங்கள் நிலையத்துக்கு நிலையம் வேறுபடினும் அமைப்புப் பெரும்பாலும் ஒன்றே. சிகிச்சையின் இயல்பு, அதனால் விளையக்கூடிய நன்மை, இடையில் நேரக்கூடிய மனவேதனை என்பன பற்றிச் சில வாக்கியங்கள் முதலில் வரும். இரகசியம் பேணப்படும் என்ற உறுதியும், அதனை அடுத்து அதன் விலக்குகளும் வரும். குழந்தையொன்று துன்புறுத்தப்படுவதாகத் தெரியவரின் அறிவிக்கப்படும். நோயாளியால் தமக்கோ பிறர்க்கோ ஆபத்து நேரும் எனின் இரகசியம் காக்கப்படமாட்டாது. பிறர்க்கு நேரும் ஆபத்துப் பற்றிய விலக்கின் பின்னே 1976இல் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் தரசோவ் வழக்கில் வழங்கிய தீர்ப்பு நிற்கின்றது. இவ்வளவும் நியாயமே. பின்னர் கட்டணப் பகுதி தொடங்கும். 24 மணி நேரத்துக்கு முன் அறிவியாது வராதிருப்பின் அதற்கும் பணம் செலுத்தல் வேண்டும். அப்பணத்தைக் காப்புறுதிக் கம்பனி பொதுவாக ஏற்பதில்லை. கம்பனி ஏனைய நாட்களுக்குப் பணம் தர வேண்டுமாயின் நோய்க்கு ஒரு பெயர் சூட்டி அனுப்புதல் வேண்டும். ஈற்றில் ஒரு கோடு; அதன்மேல் கையொப்பம்.

இவ்வுரைநடையின் முதன்மையான பாத்திரம் 'நான்' என்பது. வாசித்தவர் நான், விளங்கிக்கொண்டவர் நான், சம்மதிப்பவர் நான். ஆனால் இந்த 'நானை' எழுதியவர் நோயாளியல்லர். நமது அகத்திணைப் புலவனும் தலைவி கூற்றாகப் பிறர் வாயில் வைத்தே பாடினான்; அவன் நாடியது தலைவியின் நெஞ்சத்தை. இங்கோ கூற்றை இயற்றியவர் நாடுவது, நாளை வழக்கு வந்தால் தமக்கு வேண்டிய பாதுகாப்பை. நோயாளி தம் துயரைச் சொல்ல வாய் திறக்குமுன்னரே அவருக்காகப் பேசி முடிந்துவிடுகின்றது.

இன்னொரு சொல்லும் கவனிக்கத்தக்கது. 'நோயாளி' என்பதற்குப் பதிலாக 'கிளையன்ட்' என்றே பல பத்திரங்கள் கூறும். உளவியலறிஞர் கார்ல் ரொஜர்ஸ் 1951இல் வெளியிட்ட தமது நூலின் பெயரிலேயே இச்சொல்லை அமைத்தார். சிகிச்சையாளரின் அதிகாரத்தைத் தாழ்த்தி, எதிரிலிருப்பவரைச் சமமான மனிதராய் மதிப்பதே அவர் நோக்கம். அதே சொல் கட்டணப் பட்டியலின் அருகே வந்து அமர்ந்ததும் வாடிக்கையாளர் என்ற பொருளைப் பெற்றுவிடுகின்றது. சொற்களின் பொருளை அகராதியல்ல, சமுதாய உறவே நிர்ணயிக்கின்றது என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

சம்மதம் எவரும் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகையன்று. நியூயோர்க்கில் மேரி ஸ்லொண்டோர்வ் என்ற பெண், பரிசோதனைக்கு மட்டும் இணங்கியிருக்க, சத்திர சிகிச்சையே செய்யப்பட்டது. 1914இல் அவ்வழக்கைத் தீர்த்த நீதிபதி கார்டோசோ, தெளிந்த மனமுடைய வயதுவந்தோர் ஒவ்வொருவர்க்கும் தம் உடலைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமையுண்டென்றார். எனினும் வைத்தியசாலைக்கு எதிரான வழக்கில் அப்பெண் தோற்றார். 'தெளிந்த மனமுடைய' என்ற அடையோ மனநோயாளரை வாயிலிலேயே நிறுத்திவிட்டது. 1973இல் மிச்சிகன் நீதிமன்றம் ஒருபடி மேலே சென்றது. கட்டாயமாக அடைத்து வைக்கப்பட்டவர், பரிசோதனை முறையிலான மூளைச் சத்திர சிகிச்சைக்குக் கையொப்பமிட்டிருப்பினும், அது உண்மையான சம்மதமாகாது என்பது அதன் தீர்ப்பு. மறுக்க இயலாத நிலையில் இடப்படும் கையொப்பம் வெறும் மையே என்ற உண்மையை அது சட்டத்தின் மொழியிற் கூறியது.

கென் கீஸி 1962இல் வெளியிட்ட 'வன் புளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' என்னும் நாவல் இதே உண்மையைக் கலையாக்கியது. விடுதியிலுள்ளோர் பலர் தாமே விரும்பிச் சேர்ந்தவர்கள், வேண்டும்போது வெளியேறக் கூடியவர்கள் என்பதை அறிந்து கதாநாயகன் திகைக்கின்றான். பூட்டு கதவில் இல்லை; அவர்களின் அச்சத்தில் இருக்கின்றது. பத்திரத்தில் எழுதப்படாத நிர்ப்பந்தங்களை எழுத்தாளன் கண்டு காட்டிய இடம் அது.

இப்பத்திரம் முதலாளித்துவத்தின் வெறும் சடங்கு, அதனைக் கிழித்தெறிதலே தக்கது என முற்போக்காளர் சிலர் கூறலாம். நாம் அதனை ஏற்கவில்லை. சோவியத் நாட்டிலே மாற்றுக் கருத்தினர் மனநோயாளர் எனப்பட்டு அடைக்கப்பட்டமையும், கண்டனத்தை எதிர்நோக்கிய அந்நாட்டு உளமருத்துவர் சங்கம் 1983இல் உலகச் சங்கத்திலிருந்து விலகியமையும் வரலாறு. சம்மதம் கேளாத வைத்தியம் எக்கொடியின் கீழும் கொடுமையே.

எனவே நமது குற்றச்சாட்டு சம்மதத்தின் மீதன்று. அதனை விலைச்சீட்டோடு ஒரே கையொப்பத்தில் முடிச்சிட்டதன் மீதே. சிகிச்சை வேண்டுபவர் கட்டண விதியை மறுத்தால் சிகிச்சையையும் இழக்கின்றார். ஆதலின் எதனையும் மறுப்பதில்லை. இரண்டையும் பிரித்து எழுதுதல் வேண்டும். நோயாளியின் மொழியிலே, வாய்விட்டு வாசித்து, வினாவுக்கு இடமளித்து, எப்போதும் விலகலாம் என்பதை முதல் வரியிலேயே கூறுதல் வேண்டும். இலவச வைத்தியத்தை உரிமையாகப் பெற்ற நம் நாட்டவர்க்கு இது பிறர் விவகாரமாகத் தோன்றலாம். கட்டணம் இல்லை என்பதால் கேட்கும் கடமையும் இல்லை என்றாகிவிடாது. மாணவர்க்குச் செய்யுளின் பொருளை விரித்துரைக்கும் ஆசிரியர்கள், கையொப்பக் கோட்டுக்கு மேலுள்ளவற்றை வாசித்துக் கேள்வி எழுப்பும் பயிற்சியையும் வகுப்பறைக்குள் கொண்டுவருதல் காலத்தின் தேவையாகும்.