சுவருக்குள் ஒரு வால்யூம் திருகு

விடியற்காலை ஐந்தரை மணி. ஹாலில் இருப்பது ஒரே ஆம்ப்ளிஃபயர். அதிலிருந்து ஒயர் நான்கு அறைகளுக்குப் போகிறது. பூஜை அறையில் அம்மாவுக்குச் சுப்ரபாதம் தெளிவாகக் கேட்க வேண்டும். சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவே காதில் விழுந்தால் போதும். இரவுப் பணி முடிந்து மூன்று மணிக்குப் படுத்த மகனின் அறையில் அது கேட்கவே கூடாது. ஆனால் ஆம்ப்ளிஃபயரில் இருப்பது ஒரே ஒரு வால்யூம். இந்த வழக்கைத் தீர்க்கத்தான் ஒவ்வோர் அறையிலும் ஸ்விட்சு போர்டுக்குப் பக்கத்தில் ஒரு திருகைப் பதிக்கிறார்கள். வீட்டைக் கட்டும்போதே காடி எடுத்து, பைப் போட்டு, பூசி மறைத்துவிடுகிற பொருள் இது. தவறாகத் தேர்ந்தெடுத்தால் சுவரை உடைத்துத்தான் திருத்த வேண்டும். அதனால்தான் இதைக் கொஞ்சம் கறாராக எடைபோட வேண்டியிருக்கிறது.

கடையில் கேட்டால், "ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிதான் சார்" என்பார்கள். பாதி உண்மை. அந்தப் பாதியிலிருந்தே தொடங்கலாம். பழைய வீடுகளில் இருந்த ரெகுலேட்டர் நினைவிருக்கிறதா? உள்ளங்கை அளவு பெட்டி, உள்ளே கம்பிச் சுருள். ஃபேனை மெதுவாக ஓட்டினால் பெட்டி சுடும். ஃபேனுக்குக் குறைத்த மின்சாரத்தை அது தானே தின்று சூடாக்கியது. வால்யூம் திருகிலும் அப்படித் தின்கிற சாதி ஒன்று உண்டு. தின்னாமல் மாற்றித் தருகிற சாதி இன்னொன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வெள்ளைப் பிளாஸ்டிக் முகம். விலைச் சீட்டைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது.

தின்கிற சாதியில் மிகவும் மலிவானது ஒற்றை ரெசிஸ்டர். ஸ்பீக்கரோடு வரிசையாக ஒரு தடையைச் சேர்த்து ஒலியைக் குறைக்கும். இதை ஒரே பத்தியில் தள்ளுபடி செய்துவிடலாம். ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் எல்லாச் சுருதிக்கும் அது 8 ஓம் ஆக இருப்பதில்லை. சில அதிர்வெண்களில் பல மடங்கு ஏறும். முன்னால் ஒரு தடையை வைத்தால், ஏறிய இடத்தில் ஒலி அதிகம் போகும், இறங்கிய இடத்தில் குறைவாகப் போகும். வால்யூமைக் குறைத்தால் பாட்டின் குரலே மாறிவிடும். இது வேண்டவே வேண்டாம்.

அதைவிட யோசித்துச் செய்யப்பட்டது எல்-பேடு. வரிசையில் ஒரு தடை, குறுக்கே ஒரு தடை என்று இரண்டும் சேர்ந்து திரும்பும். எந்த நிலையில் வைத்தாலும் ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே நிற்பது ஏறத்தாழ அதே 8 ஓம்தான். ஒரே அறை, ஒரே ஜோடி ஸ்பீக்கர் என்றால் இது நியாயமான கருவி. ஆனால் நம் கேள்வி பல அறைகளைப் பற்றியது. மொட்டை மாடியில் பிறந்தநாள் விருந்து நடக்கிறது, அங்கே உள்ள ஸ்பீக்கருக்கு 10 வாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே படுக்கையறையில் எல்-பேடை 20 டெசிபல் குறைத்து வைத்திருக்கிறார்கள். அந்த அறைக்கான ஒயரும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து 10 வாட்டை வாங்கும். ஸ்பீக்கருக்குப் போவது அதில் 0.1 வாட். மீதி 9.9 வாட் சுவருக்குள் சூடாகும். நம் வீடுகளில் எரிகிற 9 வாட் எல்இடி பல்பு தின்பதைவிடச் சற்று அதிகம், அதுவும் காற்றுப் போகாத பெட்டிக்குள். இடது, வலது இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பு. மாடியில் ஆடுகிறவர்களுக்காகப் படுக்கையறைச் சுவர் சூடாவதை வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

சூடுகூடப் பரவாயில்லை என்பேன். எல்-பேடைத் தோற்கடிப்பது வேறு கணக்கு. நான்கு அறைகளின் 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே ஆம்ப்ளிஃபயரோடு இணையாகச் சேர்த்தால் மொத்தத் தடை 2 ஓம் ஆகிவிடும். வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் 8 ஓமுக்கோ, குறைந்தபட்சம் 4 ஓமுக்கோ வடிவமைக்கப்பட்டவை. 2 ஓமைக் கண்டால் அவை நான்கு மடங்கு மின்னோட்டத்தைத் தர முயலும். சூடேறும், பாதுகாப்பு ரிலே விழும், அல்லது டிரான்சிஸ்டர் போகும். எல்-பேடு எல்லா நிலையிலும் 8 ஓமாகவே இருப்பேன் என்று அடம்பிடிப்பதால், நான்கு அறைகளிலும் ஒலியைக் குறைத்துவிட்டாலும் ஆம்ப்ளிஃபயரின் தலையில் அதே 2 ஓம் சுமைதான். அதன் ஒழுக்கமே பல அறை வீட்டில் அதன் குற்றமாகிவிடுகிறது.

இரண்டாம் சாதி ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். இரும்புக் கருவில் சுற்றிய ஒற்றைச் சுருள், அதில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுத்த முனைகள், அவற்றைத் தேர்ந்தெடுக்கும் சுழல் ஸ்விட்சு. இது மின்சாரத்தைத் தின்பதில்லை. மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கிறது. அதே மாடி விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையறையில் 20 டெசிபல் குறைத்தால் அழுத்தம் பத்தில் ஒன்றாகும். ஸ்பீக்கரின் 8 ஓம், ஆம்ப்ளிஃபயரின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நூறு மடங்காகி 800 ஓம் ஆகத் தெரியும். எடுத்துக்கொள்வது 0.1 வாட், கருவில் போகும் சிறு இழப்பு தனி. சுவர் சூடாகாது. ஒலியைக் குறைக்கக் குறைக்க ஆம்ப்ளிஃபயரின் சுமையும் இறங்கும்.

இந்தக் குணத்தை வைத்துத்தான் தயாரிப்பாளர்கள் பின்பக்கத்தில் ஒரு ஜம்பரைக் கொடுக்கிறார்கள்: 1, 2, 4, 8 என்று மடங்குகள். நான்கு அறை என்றால் எல்லாத் திருகிலும் 4 மடங்கில் வைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 32 ஓமாகத் தெரியும். நான்கும் இணையாகச் சேர்ந்தால் 8 ஓம். ஆம்ப்ளிஃபயர் நிம்மதியாக இருக்கும். மூன்று அறை என்றாலும் 4 மடங்குதான், ஆறு அறைக்கு 8 மடங்கு. ஓர் அறையில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் இருந்தால் அதை இரண்டு அறையாக எண்ண வேண்டும். இந்த எளிய விதியை மறந்ததால் கருகிய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்ப்பவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இதற்கு விலை உண்டா? உண்டு. 4 மடங்கில் வைத்த திருகை முழுதாகத் திறந்தாலும் ஸ்பீக்கருக்குப் பாதி மின்னழுத்தம்தான் போகும். அதாவது கால்வாசி வாட். 100 வாட் சேனலில் ஓர் அறைக்கு 25 வாட். "அப்போ சவுண்டு கம்மியா வருமே" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் சாதாரண சீலிங் ஸ்பீக்கரில், பின்னணி இசைக்குத் தாராளமான 65 டெசிபல் கிடைக்கத் தேவைப்படுவது 1 வாட்டில் இருநூறில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் பத்தில் ஒரு பங்கு வாட்டைத் தாண்டாது. வீட்டில் பின்னணி இசை கேட்பவர் 25 வாட்டைத் தொடுவதே இல்லை. இந்த இழப்பு காகிதத்தில் பெரிது, காதில் பூஜ்யம்.

உண்மையான குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன; அவற்றை விற்பவர்கள் சொல்வதில்லை.

முதலாவது, அடிச்சுருதி. சுவர்ப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் கருவின் இரும்பு சிறியது. ஒரே மின்னழுத்தத்தில் 120 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 30 ஹெர்ட்ஸ் ஒலி கருவில் நான்கு மடங்கு காந்தப் பாயத்தை உண்டாக்கும். ஓர் எல்லைக்கு மேல் இரும்பு நிறைந்துவிடும். அப்போது சுருள் தடையாக நிற்பதை நிறுத்திவிட்டு வெறும் கம்பியாகிவிடும். ஒலி கரகரக்கும், ஆம்ப்ளிஃபயர் திணறும். தவிலையும் சினிமாப் பாட்டின் பேஸையும் உரக்க வைத்தால் இது வெளிப்படும். மருந்து எளிது: ஆம்ப்ளிஃபயரில் 60 அல்லது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். ஆறரை இஞ்ச் சீலிங் ஸ்பீக்கர் அதற்குக் கீழே எப்படியும் பெரிதாக எதுவும் தரப்போவதில்லை. ஆனால் ஹாலில் உட்கார்ந்து கச்சேரியைக் கவனித்துக் கேட்பவருக்கு இந்த மருந்தே நோய். அந்த அறைக்கு இந்தத் திருகு பொருந்தாது.

இரண்டாவது, படிகள். பல மாடல்களில் மேல்படிகள் நெருக்கமாகவும் கீழ்ப்படிகள் அகலமாகவும் இருக்கும். பகலில் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு, ஒரு படியில் அதிகமாகவும் அடுத்த படியில் மௌனமாகவும் இருக்கும். நாம் விரும்பும் அளவு இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்கும்.

மூன்றாவது குறையை நான் சொந்தச் செலவில் கற்றேன். வீட்டில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயரை மாற்றி, கையடக்கமான புதிய டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வைத்தேன். ஆன் செய்த மறுநொடி சிவப்பு விளக்கு, அமைதி. இரண்டு நாள் தேடிய பிறகுதான் காரணம் தெரிந்தது. இன்றைய கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் மைனஸ் முனை பூமியோடு சேர்ந்ததல்ல. அதிலும் சிக்னல் ஓடும். பழைய சுவர்த் திருகுகள் பலவற்றில் இடது, வலது மைனஸ் இரண்டும் உள்ளுக்குள் ஒன்றாக இணைந்திருக்கும். இரண்டும் சந்தித்தால் ஆம்ப்ளிஃபயர் அணையும், அணையத் தெரியாவிட்டால் எரியும். வாங்கும்போது இடதுக்கும் வலதுக்கும் முழுக்கத் தனித்தனி முனைகள் உள்ள திருகுதானா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆழத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கருவிகள் பெரும்பாலும் அமெரிக்கப் பலகைச் சுவர்களுக்காகப் பிறந்தவை. அந்தச் சுவருக்குள் வெற்றிடம் உண்டு. நம் நாலரை இஞ்ச் செங்கல் சுவரில் இரண்டரை இஞ்ச் ஆழத்துக்குக் குடைந்தால் மறுபக்கத்துப் பூச்சு தெறிக்கும். ஒன்பது இஞ்ச் சுவராகப் பார்த்துப் பெட்டியை வைக்க வேண்டும். 230 வோல்ட் ஸ்விட்சுகள் இருக்கும் பெட்டியிலேயே இதையும் திணிப்பது குற்றம். எலக்ட்ரீஷியன் எவ்வளவு சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள்.

100 வோல்ட் லைன் முறையையும் பார்த்துவிடலாம். கல்யாண மண்டபத்திலும் ரயில் நிலையத்திலும் இருப்பது அதுதான். ஓம் கணக்கே வேண்டாம், வாட்டை மட்டும் கூட்டினால் போதும். 10 வாட்டுக்கு 0.1 ஆம்பியர்தான் ஓடும். அதே 10 வாட் 8 ஓமில் 1.1 ஆம்பியர். ஆகவே மெல்லிய ஒயர் வெகுதூரம் போகும். தோட்டமும் முற்றமும் பத்துப் பன்னிரண்டு அறையும் உள்ள பெரிய வீட்டுக்கு இது புத்திசாலித்தனம். ஆனால் பெரும்பாலும் மோனோ, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர், அதன் தரமே ஒலியின் தரம். மூன்று படுக்கையறை ஃபிளாட்டுக்கு இது தேவையில்லை.

"இதெல்லாம் எதற்கு? வைஃபை ஸ்பீக்கர் வாங்கி மொபைலில் குறைத்துக்கொள்ளலாமே" என்பதுதான் இன்று வலுவான எதிர்வாதம். சுவரை உடைக்க வேண்டாம், ஒவ்வோர் அறைக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பதால் ஓம் சிக்கலே எழாது. மின்னியல் நோக்கில் வாதம் சரியானது. ஆனால் அங்கே வால்யூம் யாருடையது? 2020இல் வைஃபை ஸ்பீக்கர் செய்யும் சோனோஸ் நிறுவனம் காப்புரிமை மீறல் என்று கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. 2022 ஜனவரியில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் சோனோஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விளைவு, பல அறை ஸ்பீக்கர்களைக் குழுவாக்கி ஒரே அசைவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியைக் கூகுள் தன் வாடிக்கையாளர்களிடமிருந்து எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் குறைக்க வேண்டியதாயிற்று.  வென்ற பக்கமும் சுகமில்லை. 2024 மே மாதம் சோனோஸ் வெளியிட்ட புதிய செயலியில் அலாரம் உள்ளிட்ட பழைய வசதிகள் காணாமல் போயின. 2025 ஜனவரியில் அதன் தலைமை நிர்வாகி பாட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார். தாமிரச் சுருளுக்கு எதிராக எந்த நீதிமன்றமும் தீர்ப்பெழுத முடியாது.

இன்னொன்று: மொபைல் அந்த அறையில் இருப்பவரின் கையில் இருக்கிறதா? பாட்டைப் போட்டவர் கடைக்குப் போய்விட்டால், உள்ளே படுத்திருக்கும் பாட்டி யாரிடம் கேட்பார்? விருந்தாளி எந்தச் செயலியைத் திறப்பார்? சுவர்த் திருகை இருட்டில் தடவிக் குறைக்கலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. என் எடைபோடலில் தராசு சாய்வது இங்கேதான்.

நியாயமாகப் பார்த்தால் இரண்டையும் சேர்த்த ஒரு வழி இருக்கிறது: அறைக்கு ஒரு சேனலாகப் பல மண்டல ஆம்ப்ளிஃபயர், சுவரில் வெறும் பொத்தான் பலகை, நடுவே நெட்வொர்க் ஒயர். ஒலி ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே குறைவதால் இரும்புக் கருவும் வேண்டாம், அடிச்சுருதியும் கெடாது. ஒலித்தரத்தில் இதற்கே முதலிடம். ஆனால் அந்தப் பலகை அந்த நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயரோடு மட்டுமே பேசும். பத்து வருடம் கழித்துப் பலகை பழுதானால், மாற்று கிடைக்காத சதுரப் பிளாஸ்டிக் சுவரில் மிஞ்சும். காசும், கூப்பிட்டால் வரும் ஆளும் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு இது. கவனித்துக் கேட்கும் ஹாலில் திருகே வேண்டாம். ஸ்பீக்கர் நேராகத் தனி ஆம்ப்ளிஃபயருக்குப் போகட்டும். படுக்கையறை, சமையலறை, பூஜை அறைகளுக்கு, இடது வலது முனைகள் பிரிந்த, ஜம்பர் உள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் திருகு. ரெசிஸ்டர் சாதி எந்த அறைக்கும் வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போதும். 20 மீட்டர் தூரத்துக்குப் போய் வந்தாலும் இழப்பு அரை டெசிபல்தான். பூச்சு வேலைக்கு முன்பே அதே பாதையில் ஒரு நெட்வொர்க் ஒயரையும் இழுத்து மடக்கி வைத்துவிடுங்கள், மனம் மாறினால் உதவும். எல்லாம் முடிந்ததும் ஜம்பரை எத்தனை மடங்கில் வைத்தீர்கள் என்பதைப் பெட்டியின் உட்புறத்தில் அழியாத மார்க்கரால் எழுதுங்கள். நாளை ஐந்தாவது அறை கட்டும்போது யாராவது புதுத் திருகை 1 மடங்கிலேயே மாட்டிவிட்டால், அந்த அறை மட்டும் கத்தும், ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே நிற்கும் தடை 8 ஓமிலிருந்து 4 ஓமுக்கு இறங்கிவிடும்.