எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் செவிலியர்கள் தமிழ்த்துறைக்கு வருவது பெரும்பாலும் ஒரே காரியத்துக்காகத்தான். ஆங்கில வினாநிரலைத் தமிழாக்கி எடுத்து வருவார்கள். ‘மொழிபெயர்ப்பு சரியாக உள்ளது’ என்று நாங்கள் சான்றிதழ் தர வேண்டும். நானும் பலமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சென்ற முறை அப்படி வந்த மாணவியோடு லைட்ஹவுஸ் குப்பத்துக்கே போனேன்.

‘களைப்பாக இருக்கும்போது ஓய்வெடுக்கிறேன்.’ எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை. தமிழில் பிழை இல்லை. பழவேற்காடு ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் அக்கா ஒருவர் திருப்பிக் கேட்டார்: “தண்ணி எறங்குற நேரத்துலதான் இறால் கெடைக்கும். என் களைப்பைக் கேட்டுக்கினா அது எறங்குது?” மாணவி சற்றுத் தயங்கி, ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் செய்தார்.

அந்த டிக் ஆய்வேட்டில் என்னவாகும்? ‘சுய பராமரிப்பு குறைவு.’ பரிந்துரை: ‘சுகாதாரக் கல்வி தேவை.’ குறை அந்தப் பெண்ணின் அறியாமை என்றாகிவிடும். ஏரிக்கரை ஊர்கள் சிலவற்றில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பிரிக்கும் ‘பாடு’ உண்டு. சமமாகப் பங்கிடும் அந்த நல்ல ஏற்பாட்டில் உறுப்பினர்கள் ஆண்களே. கையால் இறால் தடவும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியின் மீன்வரத்து குறைகிறது. இவையெல்லாம் அவர் களைப்புக்குள் இருக்கின்றன. வினாநிரலில் இல்லை.

செவிலியர் கல்வி இதை அறியாததல்ல. அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பார்பரா கார்ப்பர் 1978-இல் வெளியிட்ட கட்டுரை, அவரது முனைவர் பட்ட ஆய்விலிருந்து பிறந்தது. செவிலியர் அறிவை அவர் நான்காகப் பிரித்தார்: அனுபவ அறிவியல், அறம், அழகியல், தன்னறிவு. 1995-இல் ஜில் ஒயிட் ஐந்தாவதாக சமூக அரசியல் அறிவைச் சேர்த்தார். நம் வகுப்பறைகள் முதல் நான்கையும் ‘மானுட விழுமியங்கள்’ என்று தேர்வுக்குப் படிக்கவைத்து, ஐந்தாவதை ஓரத்தில் விட்டுவிடுகின்றன. அதனால் மானுடம் என்பது கனிவான குரலாகச் சுருங்குகிறது.

இதில் தமிழுக்கும் பங்குண்டு. சங்க அகப்பாடல்களில் வரும் வளர்ப்புத்தாயான செவிலியின் பெயரை இந்தத் தொழிலுக்கு வைத்தோம். தாயன்பை எதிர்பார்க்கும் பெயர் அது. ஊதியத்தையோ பணிநேரத்தையோ அது பேசாது. என்னுடன் வந்த மாணவி முந்தைய இரவுப் பணியை முடித்து நேராக வந்திருந்தார். அதே கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் அவரும் அதே கட்டத்தில்தான் டிக் செய்திருப்பார்.

வினாநிரலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்கள் இல்லாமல் அரசிடம் ஒரு துணை சுகாதார நிலையம்கூடக் கேட்க முடியாது. ஆனால் கருவியைச் சரிபார்க்கும் நிபுணர் பட்டியலைப் பாருங்கள்: மருத்துவர், பேராசிரியர், புள்ளியியலாளர், தமிழாசிரியை. பதில் சொல்லப்போகும் பெண் அதில் இல்லை. நலவாழ்வில் சமத்துவம் பற்றிய ஆய்வு அங்கேயே தவறிவிடுகிறது.

இப்போது சான்றிதழுக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: “இதை எந்த ஊர்ப் பெண்ணிடம் வாசித்துக் காட்டினீர்கள்? அவர் எந்தக் கேள்வியை மாற்றச் சொன்னார்?”