ஆளுக்கு ஓர் 'ஐ'

ஒரகடம் கூட்டுச்சாலை டீக்கடையில், ஷிப்ட் முடித்து வருகிறவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்தமான காரியம். 'டீ குடுங்க' என்கிறார்கள். டீக்கு உருபு இல்லை. அடுத்த மூச்சிலேயே 'சூப்பர்வைசரைப் பாத்தியா?' ஆள் என்று வந்ததும் அந்த மெல்லிய 'ஐ' தானாக ஒட்டிக்கொள்கிறது. கவனிக்காவிட்டால் காதில் விழாத ஓசை. ஆனால் 'குமாரை முருகன் கூப்பிட்டான்' என்று சொற்களை எப்படி முன்பின் மாற்றினாலும் கூப்பிட்டவன் யார் என்பது குழம்பாமல் நிற்பது அதனால்தான். இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாப் பிள்ளைகள் 'அண்ணனுக்குக் கூப்பிடு' என்பதுண்டு. அவர்கள் மொழியில் நம் 'ஐ', 'க்கு' இரண்டின் வேலையையும் ஒரே 'கு' பார்த்துக்கொள்கிறது. கேட்க அதுவும் அழகுதான். மெல்ல மெல்ல அவர்கள் நாக்கிலும் 'ஐ' படிந்துவிடும்.

ஆளென்றால் ஒட்டிக்கொள்ளும் இந்த 'ஐ'க்கு உறவாக ஆப்பிரிக்காவில் ஒன்று உண்டு. சுவாகிலியில் பெயரின் வாலில் இப்படி ஒட்டு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் வினை தன் வயிற்றில் சுமக்கிறது. ஜுமாவைப் பார்த்தேன் என்பதற்கு 'நிலிம்வோனா ஜுமா'. 'நி' நான், 'லி' கடந்த காலம், 'ம்வ்' அவரை, 'ஓனா' காண்பது. நான்கும் மணிபோலக் கோத்த ஒரே சொல். புத்தகம் படித்தேன் என்றால் 'நிலிசோமா கிதாபு', நடுவில் 'அதை' வேண்டியதில்லை. ஆளென்றால் மட்டும் விடமாட்டார்கள். அந்தக் குறிப்பிட்ட புத்தகத்தை என்றால் 'நிலிகிசோமா' என்று ஒரு 'கி' உள்ளே வந்து உட்காரும், நம் டீக்கடையில் 'அந்த டீயை இங்க வைங்க' என்பதுபோலவே.