திருப்பிக் கேட்காத யந்திரம்

போன வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. கதை நடக்கும் காலம் 1958. கதாநாயகன் ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியிலிருந்து பிழைப்புத் தேடி ராசிபுரத்துக்கு வந்து, ஒரு நெய்க்கடையில் கணக்கு எழுதுகிறான். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாயாருக்கு மணியார்டர் செய்கிறான். பாரத்தில் அவன் விலாசம் எழுத வேண்டும். தொரப்பள்ளி எந்த மாவட்டம் என்பது அந்தச் சமயத்தில் எனக்கு நிச்சயமாக ஞாபகம் வரவில்லை. கைப்பேசியை எடுத்துக் கேட்டேன். 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. அப்படியே எழுதி, அத்தியாயத்தையும் அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். "ஏனுங்க, இது எந்த வருஷத்துக் கதைங்க? 1958-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஏதுங்க? சேலம் ஜில்லா என்றல்லவா அந்தப் பையன் எழுதியிருப்பான்? நீங்கள் போட்ட விலாசத்துக்கு அந்தப் பணம் போய்ச் சேருமா என்று எனக்குக் கவலையாக இருக்குதுங்க" என்று எழுதியிருந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சொன்னது முற்றிலும் சரி. சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965-ல். அந்தத் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். அதே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜியைச் சேலத்துக்காரர் என்று பெரியவர்கள் சொல்வதற்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்தவர் என்று இன்றைய பிள்ளைகள் படிப்பதற்கும் இதுதான் காரணம். இரண்டும் சரியான பதில்களே. இதை மறக்க எனக்கு நியாயமே கிடையாது. நான் முதல் வகுப்பில் சேர்ந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் 1997-ல் அது நாமக்கல் மாவட்டம் ஆகிவிட்டது. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

யந்திரம் பொய் சொல்லிற்றா? இல்லை. நான் இன்றைக்குக் கேட்டேன். அது இன்றைய நிலவரத்தைச் சொல்லிற்று. ஆனால் இதே கேள்வியை அந்தத் தபால்காரரிடம் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? கார்டில் அவர் எழுதிய முதல் வரியே அதற்குப் பதில். "எந்த வருஷத்துக் கதைங்க?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். கதைகளையும் நாவல்களையும் மதிப்பிட்டு இந்தப் பக்கங்களில் எழுதிவருகிற நான், கேட்டவுடன் பதில் சொல்லும் இந்தச் சாதனங்களையும் அதே முறையில் மதிப்பிட்டால் என்ன என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

முதலில் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் இணையத்தில் எதையாவது தேடினால் நூறு பக்கங்களின் பட்டியல் வரும். நூலகர் அலமாரியைக் கைகாட்டிவிட்டுப் போவதுபோல அது. 2009-ல் வந்த உல்ஃப்ராம் ஆல்ஃபா, அலமாரியைக் காட்டாமல் கணக்குப் போட்டு விடையையே சொல்லிற்று. 2012 முதல் கூகிள், தேடும் பக்கத்திலேயே ஒரு கட்டத்துக்குள் விவரத்தைத் தரத் தொடங்கியது. 2022-ன் கடைசியில் சாட்ஜிபிடி வந்தபிறகு, பதில் முழு வாக்கியங்களாக, பேச்சைப்போலவே வருகிறது. கொல்லிமலையில் இருக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு இரவு ஒன்பது மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால், எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து எந்த நூலகத்தைத் தட்டுவாள்? அவளுக்கு இது பெரிய வரம். பத்துத் தடவை கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை, 'இதுகூடத் தெரியாதா?' என்று ஏளனம் செய்வதில்லை. நம்முடைய வாத்தியார்களில் எத்தனை பேரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

இனிக் குறையைப் பார்ப்போம். நமக்குப் பழக்கமான மேட்டூரையே எடுத்துக்கொள்ளலாம். 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்த அணை. 'மேட்டூர் அணை எத்தனை அடி?' என்று கேட்டால் 214 என்றும் சொல்லலாம், 120 என்றும் சொல்லலாம். முன்னது கட்டடத்தின் உயரம்; பின்னது நீர் நிற்கும் முழு அளவு. ஆனால் தஞ்சாவூர் விவசாயி ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் அவருக்கு இரண்டுமே வேண்டியதில்லை. இன்று காலையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதுதான் அவருக்கு வேண்டும். ஜூன் 12-ல் மதகு திறக்குமா என்ற கவலை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நாமக்கல் முட்டை விலையும் இப்படித்தான். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிப்பது பண்ணைக் கொள்முதல் விலை. மளிகைக் கடையில் கொடுக்கிற விலை வேறு. கேட்பவர் பண்ணைக்காரரா, வீட்டுக்குச் சாமான் வாங்கும் அம்மாளா என்று தெரியாமல் ஒற்றை எண்ணைச் சொன்னால், அந்த எண் சரியாக இருந்தாலும் ஒருவருக்குப் பிரயோஜனப்படாமல் போகும்.

பழைய பெரும் நூல்கள் மட்டும் ஆளைப் பார்த்தா பதில் சொல்லின என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் அவற்றில் வேறு இரண்டு காவல்கள் இருந்தன. சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910-ல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், நம் கொங்கு நாட்டவரான பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. இந்த நூல்களைத் திறந்தால் யார் பொறுப்பு என்பதும் எந்த ஆண்டு என்பதும் முதலிலேயே தெரிந்துவிடும். 1954-ல் வந்த தொகுதியில் இன்றைக்குப் பொருந்தாத விவரம் ஒன்று இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள். அந்தக் காலத்துப் புத்தகம் என்று கழித்துப் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தொகுதிகளை எடுத்துத் தந்த நூலகர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். எதைக் கேட்டாலும் "எதுக்குக் கண்ணு?" என்பார். அந்த வயதில் அது எனக்குத் தொந்தரவாக இருந்தது. என் காரணத்தைக் கேட்டபிறகு அவர் எடுத்துத் தரும் புத்தகம், நான் கேட்டதாக இல்லாமல் எனக்கு வேண்டியதாக இருக்கும்.

சொன்னவன் யார் என்பது தொலைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மே மாதம் உலகமே சிரித்த ஓர் உதாரணம் இருக்கிறது. பீட்சாவின்மேல் பாலாடைக்கட்டி ஒட்டாமல் வழுக்குகிறது, என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, கொஞ்சம் பசை சேர்க்கலாம் என்று கூகிளின் புதிய சுருக்கப் பதில் யோசனை சொல்லிவிட்டது. துருவிப் பார்த்தால், பதினோரு ஆண்டுகளுக்கு முன் யாரோ வேடிக்கைக்காக எழுதிப்போட்ட வரி அது. எழுதியவன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு எழுதினான். யந்திரம் வரியை எடுத்துக்கொண்டது. கண் சிமிட்டலை விட்டுவிட்டது. கதை எழுதுகிறவர்களுக்கு இது அதிசயமல்ல. ஒரு பாத்திரம் பேசிய வாக்கியத்தைப் பிய்த்தெடுத்து, 'ஆசிரியர் சொல்லியிருக்கிறார்' என்று மேடையில் முழங்கும் பிரசங்கிகளை நாம் பார்த்ததில்லையா?

யார் சொன்னால் என்ன, பொருளைப் பார் என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே என்று சிலர் கேட்கக்கூடும். வள்ளுவர் சொன்னதில், கேட்டபின் மெய்யை ஆராய வேண்டிய பொறுப்புக் கேட்பவனுடையது. பதில் முடிந்த முடிவுபோல் அழகாக வந்து நிற்கும்போது ஆராயும் எண்ணமே எழுவதில்லை. எனக்கே எழவில்லையே! தட்டுத்தடுமாறிச் சொல்லியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

இப்போதைய சாதனங்கள் பலவும் பதிலுக்குக் கீழே ஆதாரத்தைக் காட்டுகின்றன. சில சமயங்களில் திருப்பியும் கேட்கின்றன. அதை மறைத்து எழுதுவது நேர்மையல்ல. கார்டு வந்த அன்று, '1958-ல் தொரப்பள்ளி எந்த மாவட்டம்?' என்று ஆண்டைச் சேர்த்துக் கேட்டுப் பார்த்தேன். 'சேலம்' என்று சரியாகவே சொல்லிற்று. ஆகவே கேட்கத் தெரிந்து கேட்டால் குற்றமில்லை என்று விட்டுவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாவட்டங்கள் பிரிந்த கதையை அறிந்தவன்தான் ஆண்டைச் சேர்த்துக் கேட்பான். அறியாதவனுக்கு அப்படிக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. பாதி விடை தெரிந்தவனுக்கு முழு விடையையும், ஒன்றும் தெரியாதவனுக்கு அரை விடையையும் தருவது நல்ல ஆசிரியனுக்கு லட்சணமல்ல. அந்தக் கொல்லிமலைப் பெண்ணை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். எனக்காவது பிழையை எடுத்துக்காட்ட ஒரு தபால்காரர் இருந்தார். அவளிடம் "எதுக்குக் கண்ணு?" என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

கைப்பேசியைத் தூக்கி எறிந்துவிடுங்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. நானே எறியவில்லை. பதில் வந்ததும் 'எந்த வருஷத்தில்? யாருக்கு? யார் சொன்னது?' என்று மூன்று கேள்விகளை எனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறேன். யந்திரம் கேட்காததை நான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் இப்போதைக்கு என்னால் முடிந்தது.

தபால்காரருக்கு நன்றி தெரிவித்துப் பதில் எழுதினேன். கதை புத்தகமாக வந்தபோது, 'சேலம் ஜில்லா' என்று திருத்திவிட்டேன். பத்திரிகைப் பிரதிகளைக் கத்தரித்துத் தைத்து வைத்திருக்கும் வாசகர்கள், தயவுசெய்து தாங்களே பேனாவால் திருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அந்தத் தாயாருக்குப் பணம் போய்ச் சேரட்டும்.