அணியா, ஆட்டக்காரரா?

குறிஞ்சிப்பாடியிலும் அதையொட்டிய நெய்வேலி நகரியத்திலும் கால்பந்து ரசிகர்கள் இரண்டு கட்சி. மூத்தவர்கள் அணிக்கு விசுவாசிகள், இளையவர்கள் ஆட்டக்காரருக்கு. எது உயர்ந்தது என்ற டீக்கடை வழக்கில் இரு தரப்பையும் உரசிப் பார்க்கலாம்.

மூத்தவர்களின் பற்று 1986 உலகக் கோப்பையின்போது தூர்தர்ஷன் தந்தது. மெக்சிகோவில் நண்பகலில் தொடங்கிய ஆட்டம் இங்கே இரவு பதினொன்றரைக்கு. மரடோனாவுக்காக அர்ஜென்டினாவைப் பிடித்தவர்கள் அவர் போன பின்பும் விடவில்லை. 1990, 2014 இறுதியாட்டத் தோல்விகளைத் தாங்கி, அடுத்த கோப்பைக்கு 2022 டிசம்பர் 18 வரை 36 ஆண்டுகள் காத்திருந்தார்கள். தோற்கும் அணியோடு நிற்பது இந்தப் பற்றின் பலம். கண்மூடித்தனம் அதன் பலவீனம். இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிய கோல் இவர்களுக்கு இன்றும் ‘சாமர்த்தியம்’. எதிரணி செய்திருந்தால் ‘மோசடி’.

இளையவர்கள் ஐரோப்பிய லீக் ஆட்டங்களை வாராவாரம் பார்த்து வளர்ந்தவர்கள். ஆட்ட நுணுக்கம் தெரியும். தனக்குப் பிடித்தவரே சொதப்பினாலும் சொதப்பல் என்பார்கள். ஆனால் மெஸ்ஸி 2021இல் பார்சலோனாவை விட்டு பாரிஸுக்கும், 2023இல் மயாமிக்கும் போனதும், நீலமும் சிவப்புமான ஜெர்சி பீரோவுக்குள் போய் இளஞ்சிவப்பு ஜெர்சி தெருவுக்கு வந்துவிட்டது. முதுகில் அதே பெயர், அதே 10. நெஞ்சில் மட்டும் வேறு சின்னம். மெஸ்ஸி போனபின் தடுமாறிய பார்சலோனாவுக்காக வருந்த இவர்களுக்கு நேரமில்லை.

இதை வைத்து இளையவர்களைப் பழிப்பது நியாயமல்ல. மூத்தவர்களும் ஓர் ஆட்டக்காரரைப் பார்த்துத்தான் அணிக்குள் வந்தார்கள். நாட்டு அணியிலிருந்து ஆட்டக்காரரை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அதனால் அவர்களுடைய விசுவாசத்துக்கு இந்தச் சோதனையே வரவில்லை.

இரு தலைமுறைக்கும் பொதுவான குறை வேறு. 2019 மார்ச்சில் கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி, ஐ-லீக் பட்டம் வென்றது சென்னை சிட்டி. 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. அர்ஜென்டினாவுக்குக் கண்ணீர் விட்டவர்களும், மெஸ்ஸியின் இடமாற்றத்தை நிமிடத்துக்கு நிமிடம் பின்தொடர்ந்தவர்களும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பொறுமையில் மூத்தவர்களுக்கும், விவரத்தில் இளையவர்களுக்கும் மதிப்பெண் போடலாம். விசுவாசத்தில் இருவருமே தேறவில்லை. டிக்கெட் எடுத்து, வெயிலில் உட்கார்ந்து, நம் ஊர்ப் பிள்ளைகளின் தோல்வியையும் பார்க்கத் தயாரானவர்தான் ரசிகர்.