அம்புக்குறி பொறித்த பாராங்

மலேசியாவின் செனாய்ப் பக்கத்துப் பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பாராங் என்ற வெட்டுக்கத்தி வீட்டுப்பொருள். அதன் பட்டாளத்து உறவு ஒன்று உண்டு: கோலோக். மலாய்க் கத்தியின் வடிவத்தைத் தழுவி, பர்மிங்காமின் மார்ட்டிண்டேல் நிறுவனம் பிரிட்டிஷ் படைக்குச் செய்துகொடுத்த காட்டுக் கத்தி. எனக்கு அழகான கத்தி என்றால் அதுதான். அலங்காரம் எதுவும் கிடையாது. எடை முன்பக்கம் இறங்கியிருப்பதால் வீச்சின் பாதி வேலையைக் கத்தியே செய்துவிடும்.

பழையது கையில் கிடைத்தால் முதலில் அலகைச் சாய்த்து முத்திரையைத் தேடுங்கள். முதலைச் சின்னம் மட்டும் போதாது. அது மார்ட்டிண்டேலின் வணிக முத்திரை, தோட்டக் கத்திகளிலும் வரும். அரசுச் சொத்தைக் குறிக்கும் அம்புக்குறியும் ஆண்டும் சேர்ந்திருந்தால்தான் பட்டாளத்துக் கத்தி என்று நம்பலாம். சுற்றிலும் கருமை படிந்திருக்க, முத்திரைக் குழி மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது விளிம்பு. அலகு இருபுறமும் லேசாகப் புடைத்து விளிம்பில் கூடும். கிரைண்டரில் தட்டையாகத் தேய்த்திருந்தால் விலை இறங்கிவிடும். பிடியின் மரமும் ஆணிகளும் மாற்றப்படாமல், பழைய உறையும் கூடவே இருந்தால் ஏறும். கருமையைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்குவது பெரும் பாவம். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். தோலுறையில் வைத்து மறந்துவிடக் கூடாது, தோல் ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும்.

கூர்க்காக்களின் குக்ரிக் கத்திக்கும் இதே சோதனைதான். சிங்கமுகப் பிடி இருந்தால், பெரும்பாலும் அது பயணிகளுக்கென்று செய்த நினைவுப்பொருள்.