வெளியே தெரியும் குத்து

தி. நகரில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தப் பேச்சை எடுத்தாலே பெரியவர்கள், "எல்லாம் செட்டப்புடா" என்று முடித்துவிடுவார்கள். சொல்பவர் அன்று மாலைதான் வாணி மகாலில் நாடகம் பார்த்துவிட்டு வந்திருப்பார். அங்கே கதாநாயகி விட்ட அறை நிஜமில்லை என்று அவர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் டிரம்ப் கார்டு வைத்துக்கொண்டு மல்லர்களின் உயரம், எடை, பைசெப்ஸ் எல்லாம் மனப்பாடம் செய்த தலைமுறை என்னுடையது. அடிப்பதுபோல் காட்டுவதில் யார் கெட்டிக்காரர் என்று எந்தக் கார்டிலும் போட்டிருக்காது. என்னைக் கேட்டால் மார்க் மெரோ.

பஃபலோ நகரில் பிறந்த மெரோ, அமெச்சூர் குத்துச்சண்டையில் பட்டங்கள் வாங்கியவர். 1991இல் மல்யுத்தத்துக்கு வந்ததும் ஜானி பி. பேட் என்று பெயர் சூட்டி, பாடகர் லிட்டில் ரிச்சர்டின் சாயலில் மினுக்கு உடை மாட்டி மேடையேற்றினார்கள். வேஷம் படு கோமாளித்தனம். ஆனால் அந்த இடது கை!

குத்துச்சண்டையில் குத்து கிளம்புவதே எதிராளிக்குத் தெரியக்கூடாது. தோள் அசைந்தால் போச்சு. மல்யுத்தத்திலோ அது கடைசி வரிசைக்காரனுக்கும் தெரிந்தாக வேண்டும். தோளைப் பின்னுக்கு வாங்கி, ஒரு கணம் நிறுத்தி, வீசி, கன்னத்தைத் தொடும்போது வேகம் முழுவதையும் கையே விழுங்கிக்கொள்ள வேண்டும். சத்தத்துக்குக் காலால் மேடையில் ஒரு மிதி. மீதியை அடி வாங்குபவரின் கழுத்து பார்த்துக்கொள்ளும். வருஷக்கணக்காக மறைத்துப் பழகிய உடம்பு இப்படித் திறந்து காட்டச் சம்மதிப்பது லேசில்லை. மற்ற மல்லர்கள் கையை மட்டும் சுழற்றுவார்கள். மெரோ தோளை மல்யுத்தத்துக்குக் கொடுத்துவிட்டு, இடுப்பையும் பாதத்தையும் குத்துச்சண்டைக்காரனாகவே வைத்துக்கொண்டார். அதனால்தான் அந்த இடது ஹூக்கில் கனம் இருந்தது.

1994 செப்டம்பரில் ஸ்டீவன் ரீகலை வென்று டெலிவிஷன் பட்டம். 1996 செப்டம்பரில், டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பில், இன்டர்கான்டினென்டல் பட்டம். அங்கே மேல் கயிற்றிலிருந்து கரணமடித்து விழும் ஷூட்டிங் ஸ்டார் பிரஸ்ஸுக்குத்தான் கைதட்டல். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. பறக்க ஆயிரம் பேர் உண்டு.

குத்துச்சண்டையிலிருந்து வந்தவர்களில் பெரிய பெயர் இத்தாலியின் பிரீமோ கார்னெரா. 1933இல் உலக ஹெவிவெயிட் சாம்பியன்; மறு வருஷமே மேக்ஸ் பேரிடம் 11 முறை விழுந்தவர். 1946இல் மல்யுத்தத்துக்கு வந்தபோது கூட்டம் அள்ளியது. ஆனால் ஜனங்கள் பார்க்க வந்தது அந்த மலை உடம்பை.

காட்டத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, எதிரே இருப்பவரும் ஒத்துழைக்க வேண்டும். 1980இல் நம் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிய முகமது அலிக்கா காட்டத் தெரியாது? 1976இல் டோக்கியோவில் மல்லர் அன்டோனியோ இனோகியோ மல்லாந்து படுத்தபடி அவர் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். 15 ரவுண்டும் அறுவை.

முழங்கால் அடிபட்டு ஓய்விலிருந்து திரும்பிய மெரோவுக்கு, ஒருவழியாக, குத்துச்சண்டைக்காரன் வேஷமே கிடைத்தது. 1997 டிசம்பரில் பட்டர்பீன் என்ற நிஜக் குத்துச்சண்டைக்காரரோடு, முடிவு முன்பே எழுதப்பட்ட ஒரு 'குத்துச்சண்டை'. திணறிப்போய், கடைசியில் இடுப்புக்குக் கீழே அடித்து, விதிமீறலில் தோற்க வேண்டும் மெரோ. நிஜமாகவே குத்தத் தெரிந்தவர், குத்தத் தெரிந்தும் பயப்படுகிறவனாக நடித்தார். 1999 ரெஸில்மேனியாவில் அதே பட்டர்பீன் மல்லர் பார்ட் கன்னை நிஜமாகவே அடித்துச் சாய்த்தார். 35 விநாடியில் ஆட்டம் முடிந்தது. அதை இரண்டாம் முறை பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மெரோ தோற்றதை இன்னும் யூடியூபில் போட்டுப் பார்க்கிறேன்.